ஆர் தள்ளுறது?

விசை என்று ஒன்றை எவராவது சொன்னால், அதைக் கொடுக்கிற ஆளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளைக் காட்ட முடியாவிட்டால் அந்த விசையைக் கொப்பியில் வெட்டிவிட வேண்டும். பரிசு நகரத்துக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சனிக்கிழமை பின்னேரங்களில் வந்து இருக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சோதனைக்கு முதல்நாள் சொல்வதும் இதைத்தான். நியூட்டனின் மூன்று விதிகளும் பிறகு தாமாக வந்து சேரும்.

நான் பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். இங்கே வந்தபின் வேலை ரொய்சி விமான நிலையத்துக்குக் கிட்ட, ஒரு சாமான் களஞ்சியத்தில். பலெட் இழுக்கிற வேலை. பெற்றோர் இன்னும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு நான் மாமா. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள், பிரவே சோதனைக்குப் படிப்பவர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் இந்தப் பாடத்துக்கு நல்ல படம் ஒன்று கீறப் பழக்குவார்கள். பொருட்களை வட்டங்களாகப் போட்டு, எது எதோடு தொடுகிறது, எது எதைத் தூரத்தில் நின்று இழுக்கிறது என்று அம்புக்குறியால் இணைக்க வேண்டும். கொப்பியில் அதைப் பிழையில்லாமல் கீறுகிற பிள்ளை, ரெயில் பிரேக் பிடித்ததும் ‘என்னை முன்னால தள்ளுது’ என்று சொல்லும். அங்கேதான் நான் கேட்பேன்: ஆர் தள்ளுறது?

கார்ஜ்–சார்செல் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். டி ரெயில் ஏறினால் சாந் தெனி தாண்டிக் கார் து நோரில் இறங்கலாம். அங்கிருந்து லா சப்பலுக்கு நடைதான். சாமான் வாங்க, கோயிலுக்கு, கல்யாணச் சேலைக்கு என்று எங்கள் ஆட்கள் முழுக்கப் போய்வருகிற பாதை அது. நெரிசலில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். கார் து நோருக்குக் கிட்ட ரெயில் வேகத்தைக் குறைக்கும். எல்லோரும் முன்பக்கம் சாய்வோம். இப்போது ஆளைத் தேடுங்கள். முதுகில் யாரும் கை வைக்கவில்லை. காற்றும் வீசவில்லை. ரெயிலைப் பின்னோக்கிப் பிடிப்பது தண்டவாளம். உங்கள் சப்பாத்தைப் பின்னோக்கிப் பிடிப்பது ரெயிலின் தரை. நெஞ்சையும் தலையையும் பிடிக்க ஒன்றும் இல்லை. அவை தாம் போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போகின்றன. நீங்கள் கம்பியைப் பிடித்தால், அந்தக் கம்பி உங்களைப் பின்னோக்கி இழுக்கிறது. ஆக, முன்னால் தள்ளுகிற விசை என்று ஒன்றுமே இல்லை. இருக்கிற விசைகள் எல்லாம் பின்னோக்கித்தான். ஆள் இல்லாத விசையை வெட்டிவிடுங்கள் என்று சொன்னேனே, முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

ஓய்வில் இருப்பது ஓய்விலேயே இருக்கும், ஓடுவது அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடும், வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றும்வரை. 1687-இல் நியூட்டன் முதல் விதியாக எழுதியது இதை. இந்தக் குணத்துக்கு எங்கள் புத்தகத்தில் சடத்துவம் என்று பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிலைமம் என்று படிப்பார்கள். சொல்லளவில் எல்லோரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். நம்புவதுதான் கஷ்டம்.

நம்ப மறுக்கிற பிள்ளைக்கு நான் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டுவேன். 1895 ஒக்டோபர் 22-ஆம் திகதி, கிரான்வில் நகரிலிருந்து வந்த கடுகதி ரெயில் பரிசின் மோன்பர்னாஸ் நிலையத்துக்குள் நுழைந்தது. சில நிமிடம் பிந்திவிட்டதால் சாரதி வேகமாகவே உள்ளே கொண்டுவந்தார். காற்றழுத்த பிரேக் கைகொடுக்கவில்லை. ரெயில் கடைசித் தடுப்பை உடைத்து, ஏறக்குறைய முப்பது மீற்றர் மண்டபத் தரையில் தண்டவாளமே இல்லாமல் ஓடி, தடித்த சுவரைப் பிளந்தது; எஞ்சின் பத்து மீற்றர் கீழே வீதியில் மூக்குக் குத்தி விழுந்தது. எஞ்சின் வீதியில் செங்குத்தாக நிற்கிற அந்தப் படம் உலகம் முழுக்கப் பிரபலம். பயணிகள் உயிர் தப்பினார்கள். கீழே வீதியில், கணவருக்குப் பதிலாகப் பத்திரிகைக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண் செத்துப்போனார்.

பிள்ளைகளிடம் கேட்பேன்: சுவரை உடைக்கும்வரை அந்த ரெயிலைத் தள்ளிக்கொண்டு போனது ஆர்? முதலில் ‘எஞ்சின்’ என்பார்கள். எஞ்சினை நிறுத்தத்தானே சாரதி பாடுபட்டார்? கொஞ்சம் யோசித்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: ‘ஒருத்தரும் தள்ளேல்லை மாமா. நிப்பாட்டத்தான் ஆள் இல்லை.’ அன்றைக்கு அதற்கு மேல் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, இவ்வளவு தெளிவான விஷயத்தை மனிதர் இரண்டாயிரம் வருடமாக ஏன் தலைகீழாக நம்பினார்கள்? வண்டில் ஓடவேண்டுமானால் மாடு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும் என்று அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து எல்லோரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்கள் காணாத ஒரு ஆள் அங்கே பின்னோக்கி இழுத்துக்கொண்டு இருந்தான். உராய்வு. இரண்டு பொருள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்கு எதிர்ப்பக்கம் அவன் எப்போதும் நிற்பான், கண்ணுக்குத் தெரியமாட்டான். மாட்டின் இழுவை வண்டிலை ஓட்டுவதற்கு என்று நினைத்தோம். அதில் பெரும்பங்கு அவனோடு சரிக்குச் சரி நிற்பதற்குத்தான் செலவாகிறது.

அவனை எனக்கு என் வேலையில் நன்றாகத் தெரியும். தண்ணீர்ப் போத்தல் அடுக்கிய பலெட் ஒன்று ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். கீழே வழவழப்பான சீமெந்துத் தரை, தள்ளுவண்டியில் சின்னச் சில்லுகள். அசைக்கும் வரைக்கும் உடம்பையே சாய்த்து இழுக்க வேண்டும். அசைந்தபின் ஒரு கை போதும். புதிதாக வருகிற பெடியன்கள் இதைக் கண்டு உற்சாகமாகி வேகமாக இழுக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இழுக்கிற விதத்தை அல்ல, நிற்பாட்டுகிற விதத்தை. கணக்கைப் பாருங்கள். 1000 கிலோ. உராய்வுக்குக் கொடுத்தது போக 200 நியூட்டன் மிஞ்சுகிறது என்று வைப்போம். ஆர்முடுகல் விநாடிக்கு விநாடி 0.2 மீற்றர், ஐந்து விநாடியில் விநாடிக்கு ஒரு மீற்றர் வேகம் வந்துவிடும். ஒரு மனிதர் ஆறுதலாக நடக்கிற வேகத்துக்குக் கிட்டத்தான். அதை ஒரே விநாடியில் நிறுத்தப் பாருங்கள்: 1000 நியூட்டன் வேண்டும். நூறு கிலோ ஆள் ஒருவரின் முழு நிறையும் கைப்பிடியில் வந்து ஏறுகிற மாதிரி. கால் குறுக்கே இருந்தால் அந்த விசையைக் கால்தான் கொடுக்க வேண்டிவரும்.

இரண்டாம் விதி அவ்வளவுதான்: விசை சமன் திணிவு தர ஆர்முடுகல். பள்ளியில் இதைப் பலகையில் மூன்று எழுத்தாக எழுதிவிட்டுப் போகிறார்கள். பலெட்டைத் தொட்ட பிள்ளைக்கு அந்த மூன்று எழுத்தில் எது எதைக் கெடுக்கும் என்று கையிலேயே தெரியும். இளம்பிள்ளைகளைக் களஞ்சியத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் நான் சுப்பர்மார்க்கட் வண்டிலைக் கொண்டு சமாளிக்கிறேன். வெறும் வண்டில், பிறகு தண்ணீர்ப் போத்தல் நிரப்பிய வண்டில், ஒரே பலத்தில் ஒரு தள்ளு. காவலாளி பார்த்து முறைப்பார், முறைக்கட்டும்.

உராய்வின் கணக்கு பரிசிலேயே எழுதப்பட்டது என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புதினமாக இருக்கும். 1699-இல் கியோம் அமோந்தோன் என்பவர் இங்குள்ள அரச விஞ்ஞானக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். இளவயதிலேயே காது கேளாமல் போன மனிதர். அவர் சொன்னது இரண்டு: உராய்வு, மேலே அழுத்துகிற பாரத்தின் விகிதத்தில் கூடும், தொடுகிற பரப்பின் அளவு அதைப் பாதிக்காது. இரண்டாவதைக் கழகத்தில் இருந்தவர்களே இலேசில் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். தடித்த புத்தகம் ஒன்றுக்கு ரப்பர் பட்டி கட்டி மேசையில் இழுங்கள். பட்டி எவ்வளவு நீள்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். புத்தகத்தைப் படுக்கவைத்து ஒருமுறை, முதுகுப் பக்கத்தில் நிமிர்த்திவைத்து ஒருமுறை. அட்டையும் முதுகும் ஒரே வழவழப்பாக இருந்தால் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அமோந்தோனுக்குப் பிறகு கூலோம், மின்னேற்றத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்தவரேதான், ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் பெரிய பாரங்களையும் கயிறுகளையும் வைத்து இதைத் திரும்பச் சோதித்தார். 1781-இல் கழகத்தின் பரிசு அவருக்குக் கிடைத்தது. நின்றுகொண்டிருக்கிற பொருளை அசைக்கத் தேவையான விசை, அசைந்தபின் தேவைப்படுவதைவிடக் கூட என்று அவர் விரிவாக அளந்து காட்டினார். சில மரங்களில், எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவுக்கு ஒட்டுகிறது என்றும் கண்டார்.

உராய்வைக் கெட்டவன் ஆக்கிவிடக் கூடாது. எங்கள் நிலையத்திலேயே இரண்டு விதமான சில்லுகள் நிற்கின்றன. ஆர்.ஈ.ஆர். ரெயிலுக்கு உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லு: சில்லு நசிவதில்லை, இழப்புக் குறைவு, ஆனால் பிடியும் குறைவு, நிறுத்தத் தூரம் வேண்டும். வெளியே வந்தால் ஐந்தாம் இலக்க ட்ராம், சாந் தெனிச் சந்தையிலிருந்து எங்கள் நிலையத்துக்கு 2013 முதல் ஓடுகிறது. அதற்கு ரப்பர் ரயர். நடுவில் ஒற்றைத் தண்டவாளம் வழிகாட்ட மட்டும். பரிசு மெத்ரோவிலும் 1956-இல் பதினோராம் வழியில் ரயர் போட்டு ஓட்டத் தொடங்கினார்கள். கார் து நோரில் நிற்கிற நாலாம் வழியும் ரயர்தான். நிலையங்கள் கிட்டக் கிட்ட இருந்தால் கெதியாக எடுக்க வேண்டும், கெதியாக நிறுத்த வேண்டும், அதற்குப் பிடி வேண்டும். அதற்குக் கொடுக்கிற விலை, ஒவ்வொரு சுற்றிலும் ரயர் நசிந்து நிமிர்ந்து வெப்பமாக வீணாகும் சக்தி.

இனித் தேர். லா சப்பலில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் 1985-இல் தொடங்கியது. இப்போது பஜோல் வீதியில் இருக்கிறது. ஓகஸ்ட் கடைசியிலோ செப்ரெம்பர் தொடக்கத்திலோ பிள்ளையார் தேர் வீதிக்கு வரும்போது பரிசு முழுவதும் இருந்து சனம் வரும், வெள்ளைக்காரரும் வருவார்கள். தேருக்கு முன்னால் நீளக் கயிறு, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து நடைபாதையில் நிற்பேன். கும்பிட்டு முடிந்ததும் கேள்வி.

தேரை இழுக்கிறது ஆர்? ‘கயிறு’. கயிற்றை இழுக்கிறது? ‘சனம்’. சரி, சனத்தை முன்னால தள்ளுறது ஆர்? இங்கே நின்றுவிடுவார்கள். தேர் தன் பங்குக்குக் கயிற்றின் வழியே சனத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. எவ்வளவு விசையால் நீ இழுக்கிறாயோ அதே அளவால். மூன்றாம் விதி அதுதான். அப்படியென்றால் இரண்டும் சரிசமனாகி ஒன்றும் அசையக்கூடாதே என்று கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்காவிட்டால் நானே கேட்பேன். விடை ஆட்களைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. தேர் மேல் வேலை செய்பவை எவை? கயிறு முன்னோக்கி, சில்லில் உராய்வு பின்னோக்கி. கயிறு வென்றால் தேர் அசையும். சனத்தின் மேல்? கயிறு பின்னோக்கி, வீதி முன்னோக்கி. ஓம், வீதிதான். ஒவ்வொருவரும் காலால் வீதியைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள், வீதி அதே அளவால் அவர்களை முன்னுக்குத் தள்ளுகிறது. ‘நான் தேரை இழுக்கிற விசையும், தேர் என்னை இழுக்கிற விசையும்’ இரண்டு வேறு ஆட்களின் மேல் விழுவன; ஒன்றையொன்று கழிக்க முடியாது. ஒரே ஆள்மேல் விழுகிறவற்றைத்தான் கூட்டிக் கழிக்கலாம்.

இதை நிரூபிக்கக் கோயில் தேரிலேயே சாட்சி உண்டு. வீதி நீளத் தேங்காய் உடைப்பார்கள். இளநீரும் மஞ்சள் தண்ணியும் தாரில் ஓடும். நனைந்த இடத்தில் வெறுங்காலோடு நிற்பவர்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் வழுக்குவார்கள், கயிறு தொய்யும். கையில் பலம் அப்படியே இருக்கிறது, வீதி கொடுத்துக்கொண்டிருந்த விசைதான் குறைந்தது. ஊரில் மணல் வீதியில் தேர் இழுத்தவர்களுக்கு இது நல்லாகவே தெரியும்: குதிக்கால் மணலில் புதைகிற அளவுக்கு ஊன்றாமல் வடத்தைப் பிடித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

தேங்காயைச் சொன்னேன், அதையும் விடக்கூடாது. குவியலிலிருந்து ஒன்றை எடுத்து ஓங்கி அடிக்கிறார். உடைத்தது ஆர்? கை இல்லை. கை வேகத்தைக் கொடுத்துவிட்டு விலகிவிட்டது. உடைத்தது வீதி. 600 கிராம் தேங்காய் விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் வந்து விழுகிறது, ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்தால், வீதி கொடுக்க வேண்டிய சராசரி விசை 3000 நியூட்டன். அதே தேங்காய் ஒரு மெத்தையில் விழுந்து பத்தில் ஒரு விநாடியில் நின்றால் 60 நியூட்டன் மட்டும். இழந்த உந்தம், அதாவது திணிவு தர வேகம், இரண்டிலும் ஒன்றுதான். எடுத்துக்கொண்ட நேரம்தான் வித்தியாசம். காரில் காற்றுப்பை வைப்பதும், மோட்டார் சைக்கிள் தொப்பிக்குள் பஞ்சு வைப்பதும் அந்த நேரத்தைக் கூட்டத்தான்.

உந்தம் வேகத்தோடு கூடுகிறது. இரட்டை வேகத்துக்கு இரட்டை உந்தம். ஆனால் நிறுத்த வேண்டிய தூரம் அப்படி இல்லை. இதைப் பற்றி ஒரு பெரிய சண்டை நடந்தது. அதில் சரியான பக்கம் நின்றவர் பரிசில் பிறந்த ஒரு பெண், எமிலி து சாத்லே. லெய்டன் பேராசிரியர் ஸ்கிராவசாண்ட பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்டுப் பார்த்திருந்தார்: வேகம் இரண்டு மடங்கானால் குழி நாலு மடங்கு. 1740-இல் வந்த தன் பௌதிகப் புத்தகத்தில் எமிலி இந்தப் பக்கத்தை எடுத்து வாதாடினார், எதிரே பெரிய பெரிய கழக உறுப்பினர்கள் நின்றும். பிறகு நியூட்டனின் லத்தீன் புத்தகத்தை விளக்கத்தோடு பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1749-இல் பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். புத்தகம் முழுமையாக வெளிவந்தது 1759-இல். இன்றைக்கும் நியூட்டனைப் பிரெஞ்சில் படிக்கிறவர்கள் அவர் வழியாகத்தான் படிக்கிறார்கள். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை நான் வேண்டுமென்றே இரண்டுமுறை சொல்வேன்.

அவர் வாதாடிய வர்க்கக் கணக்கு இப்போது வீதியில் எழுதி வைத்திருக்கிறது. 2021 ஓகஸ்ட் 30 முதல் பரிசு நகரத்தின் பெரும்பாலான வீதிகளில் வேகம் 30 கிலோமீற்றர். முன்பு 50. உலர்ந்த தாரில் நல்ல ரயர் உள்ள கார், பிரேக் பிடித்த பின், 50-இல் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடித்தான் நிற்கும். 30-இல் 5 மீற்றர். வேகம் பாதியாகக்கூட இல்லை, தூரம் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட வந்துவிட்டது. சாரதி கண்டு காலை வைக்க எடுக்கிற ஒரு விநாடியையும் சேர்த்தால் 28 மீற்றரும் 13 மீற்றரும். டாக்சி ஓட்டுகிற எங்கள் ஆட்கள் இந்தச் சட்டத்தைத் திட்டாத நாள் இல்லை. கணக்கு அவர்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது.

இதுவரை சொன்ன ஆட்கள் எல்லாம் தொட்டுத் தள்ளுபவர்கள். தொடாமல் இழுக்கிற ஒருவர் இருக்கிறார், பூமி. அவர் இழுக்கிற விசைக்கு நிறை என்று பெயர். நியூட்டனில் அளக்க வேண்டும். உங்களில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது திணிவு, கிலோவில். பரிசுக்குத் தென்மேற்கே செவ்ர் என்ற ஊரில், அளவைகளுக்கான சர்வதேச நிலையத்தில், உலகத்தின் கிலோ ஒரு சின்ன உலோக உருளையாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. 1889 முதல் 2019 மே 20 வரை அதுதான் கிலோ. திணிவு வேறு, நிறை வேறு என்று 1901-இல் உலக நாடுகள் கூடித் தீர்மானம் எழுதியதும் பரிசில்தான். ஆனாலும் சந்தையில் எல்லோரும் நிறையைக் கிலோவில் கேட்கிறோம், அதில் ஒரு குடியும் முழுகவில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகவிருந்த ஒரு பிள்ளை கேட்டாள், ‘மாமா, யாழ்ப்பாணத்தில என்ர நிறை இதேதானா?’ நல்ல கேள்வி. இல்லை, குறையும். ஒரு கிலோவைப் பூமி பரிசில் 9.81 நியூட்டனால் இழுக்கிறது, யாழ்ப்பாணத்தில் 9.78. 50 கிலோ பிள்ளை வில்லுத் தராசில் ஏறினால், ஊரில் ஏறக்குறைய 140 கிராம் குறைத்துக் காட்டும். சாப்பாட்டில் கைவைக்காமலே. திணிவு மாறவில்லை, இழுக்கிறவர் கொஞ்சம் தளர்ந்தார். லா சப்பல் நகைக்கடைகளில் இருப்பது மின்தராசு. அது உண்மையில் அளப்பது விசையைத்தான். இங்கே சரிபார்த்த தராசை அப்படியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் வைத்தால், பத்துப் பவுண் நகைக்குக் கிட்டத்தட்ட கால் கிராம் குறைத்துக் காட்டும். அதனால்தான் நுட்பமான தராசுகளைப் பாவிக்கிற இடத்தில் வைத்தே படிக்கல்லால் சரிபார்க்க வேண்டும். பழைய இரட்டைத்தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு தட்டையும் பூமி ஒரே மாதிரித்தான் இழுக்கும்.

இதை முதலில் கண்டவரும் பரிசிலிருந்து புறப்பட்டவர். 1672-இல் விஞ்ஞானக் கழகம் ழான் ரிஷே என்பவரைத் தென் அமெரிக்காவில் கயேனுக்கு அனுப்பியது. வான்சாஸ்திரம் பார்க்கத்தான் போனார். கொண்டுபோன ஊசல் மணிக்கூடு நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிந்தியது. பரிசில் விநாடி தவறாமல் ஆடிய ஊசலை மூன்று மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டையாக்கினால்தான் அங்கே சரிவந்தது. கயேன் மத்தியகோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே. எங்கள் யாழ்ப்பாணம் ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே. அந்த மணிக்கூட்டை யாழ்ப்பாணத்தில் மாட்டியிருந்தாலும் நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்தியிருக்கும். நியூட்டன் இதைப் பிடித்துக்கொண்டார்: பூமி சுழல்வதால் நடுவில் பிதுங்கியிருக்கிறது, அங்கே நிற்பவர் மையத்துக்குத் தூரம். மத்தியகோட்டில் ஆரை 6378 கிலோமீற்றர், துருவத்தில் 6357. பரிசில் பலர் பல வருடம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெருவுக்கும் லாப்லாந்துக்கும் ஆட்களை அனுப்பி அளந்துதான் ஓய்ந்தார்கள்.

பூமி சுழல்வதை நேரில் காட்ட இன்னொரு ஊசல் வேண்டியிருந்தது. 1851 மார்ச்சில் ஃபூக்கோ என்பவர், பரிசில் உள்ள பந்தெயோன் கட்டடத்தின் கூரையிலிருந்து 67 மீற்றர்க் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஆட்டம் மெல்ல மெல்லத் திசை திரும்பியது. திருப்பினது ஆர்? ஊசலின் மேல் பூமியின் இழுவையும் கம்பியின் இழுவையும் தவிர வேறு ஆள் இல்லை; இரண்டும் பக்கவாட்டில் திருப்பாது. அப்போ திரும்பியது பந்தெயோன், பார்க்க வந்த சனத்தோடு சேர்த்து. பரிசில் ஒரு முழுச்சுற்றுக்கு 32 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்தில் தொங்கவிட்டால் ஏறக்குறைய ஆறு நாள். ஊசலுக்குக் கீழே தரை வட்டமாகத் திரும்புகிற பங்கு மத்தியகோட்டை நோக்கிப் போகப் போகக் குறையும். கோட்டில் திரும்பவே திரும்பாது.

வீட்டுவேலையாக நான் கொடுப்பது லிஃப்ட். எங்கள் பக்கத்து உயர்மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடுகிற நாளாகப் பார்த்து, குளியலறைத் தராசு ஒன்றை உள்ளே வைத்து ஏறி நில்லுங்கள். இலக்கம் காட்டுகிற தராசு சரிவராது, அது ஒரு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். முள் உள்ள பழைய தராசு வேண்டும். கீழ்மாடியிலிருந்து கிளம்பும்போது 50 காட்டியது 55-க்குப் போகலாம். மேல்மாடியில் நிற்கப்போகும்போது 45-க்கு இறங்கும். நடுவில், ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு காட்டும்? வகுப்பில் பாதிப்பேர் ‘மேல போகுது, கூடத்தான் காட்டும்’ என்பார்கள். 50 தான் காட்டும். சும்மா நிற்கும்போது போலவே. பூமி கீழே இழுக்கிறது, தராசு மேலே தள்ளுகிறது, இரண்டும் சமன். சமன் என்றால் வேகம் மாறாது, ஏறிக்கொண்டிருந்தால் ஏறிக்கொண்டே இருக்கும். முதலாம் விதி திரும்ப வந்துவிட்டது.

கயிறு அறுந்தால் என்ன காட்டும் என்று பெடியன்கள் கட்டாயம் கேட்பார்கள். பூச்சியம். பூமி இழுத்துக்கொண்டுதான் இருக்கும், கீழேயிருந்து தள்ளத்தான் ஆள் இருக்காது. விண்வெளி நிலையத்தில் பிரெஞ்சு விண்வெளி வீரர் தோமா பெஸ்கே 2016-இலும் 2021-இலும் போய் மிதந்ததும் அப்படித்தான். அங்கே ஈர்ப்பு இல்லை என்று பாதிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது, தப்பு. நானூறு கிலோமீற்றர் உயரத்தில் பூமியின் இழுவை இங்கே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. 80 கிலோ ஆளை அங்கே பூமி ஏறக்குறைய 700 நியூட்டனால் இழுக்கிறது. அவரும் நிலையமும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டில் விநாடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதால் தரையில் வந்து மோதவில்லை.

‘அப்ப அவரும் பூமியை இழுக்கிறாரா?’ என்றான் ஒருவன், கிண்டலாகத்தான்.

ஓம், அதே 700 நியூட்டனால். பூமியின் திணிவு 6-க்குப் பின்னால் 24 பூச்சியம் போட்டால் வருகிற கிலோ. பூமிக்கு எவ்வளவு ஆர்முடுகல் கிடைக்கிறது என்று வகுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கல்குலேட்டர் பாவிக்கலாம்.